தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவினருக்கு: ‘குஷ்டரோகி’ என்ற சொல்லைக் குறித்து ஒரு திறந்த மடல்

வேதாகமத்தைத் திருத்தவும் அச்சிடவும் பொறுப்பேற்றிருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே,

உங்கள் புதிய பதிப்பைக் கையில் வாங்கியதும் முதலில் மத்தேயு எட்டாம் அதிகாரத்தைத்தான் திறந்தேன். எழுத்து பெரிதாக இருக்கிறது, தாள் நன்றாக இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். தாலந்து என்றால் எவ்வளவு எடை, முழம் என்றால் எத்தனை அங்குலம், ஒன்பதாம் மணி என்பது நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று என்று எல்லாம் விளக்கமாக இருக்கிறது. எட்டாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் ‘குஷ்டரோகி ஒருவன் வந்து’ என்று பழையபடியே நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. மாற்கு 1, லூக்கா 5, லூக்கா 17, லேவியராகமம் 13, 14 என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்கும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டு உங்களுக்கு எழுதியிருந்தேன். அந்தச் சொல் விசுவாசிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போனது, மாற்றினால் குழப்பம் வரும், அடிக்குறிப்புக்கும் அவசியம் இல்லை என்று பதில் அனுப்பினீர்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த முடிவை மனதுக்குள் போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாததால்தான், இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 1974-இல் தொழுநோய் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. முதுகில் ஒரு தேமல் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் உலைப்பானையை இறக்கும்போது கை வெந்துபோனது அம்மாவுக்குத் தெரியவில்லை. கருகின வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாளாம். அதற்குப் பிறகு டாப்சோன் மாத்திரை, வருடக்கணக்காக. 1989-இல் கூட்டு மருந்து சிகிச்சை கொடுத்து, நோய் முழுதாகக் குணமாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குள் மடங்கிவிட்டன. பாதத்தில் உணர்ச்சி திரும்பவே இல்லை. இன்றுவரை எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்புதான். அப்பா விட்டுவிட்டுப் போகவில்லை. அதை எங்கள் ஊரில் இன்றும் ஒரு அதிசயம் போலச் சொல்வார்கள்.

அப்போதெல்லாம் இரவு ஜெபத்தில் வேதம் வாசிப்பது அம்மாதான். வேதாகமத் தாள் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரல்நுனியில் உணர்ச்சி இல்லாதவளுக்கு ஒரு தாள் எது, நான்கு தாள் எது என்று தெரியாது. அதனால் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருப்பாள். அந்த ஈர்க்கின் நுனியால் தாளைக் கிளப்பி, உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளித் திருப்புவாள். நாங்கள் திருப்பிக் கொடுக்கிறோம் என்றால் விடமாட்டாள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவிக்கும் போட்டி. மத்தேயு எட்டாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள். அம்மா வாசித்துக் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம். மேடையில் ஏறி, ‘அப்பொழுது சுகமில்லாத ஒருவன் வந்து அவரைப் பணிந்து’ என்று சொன்னேன். நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடியும் அதையே சொன்னேன். ‘குஷ்டரோகி ஒருவன் வந்து, அப்படித்தானே போட்டிருக்கு, ஒழுங்காச் சொல்லு’ என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் அச்சில் இருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த நாளுக்கு முன்பிருந்தே, அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் அம்மா அதைத் தாண்டி வேறு சொல்லைப் போட்டு வாசித்து வந்திருக்கிறாள். அன்று இரவு அவளிடம் கேட்டேன். ‘நான் இருக்கிற வீட்ல அந்த வார்த்தைய எதுக்குச் சொல்லணும்’ என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

வெகுகாலம் நான் அம்மா செய்ததை ஒரு பலவீனமாகத்தான் நினைத்தேன். வேதத்தில் உள்ளதை மாற்றி வாசிக்கிறாளே என்ற பயமும் இருந்தது. ஐம்பது வயதுக்கு அருகில் மாலை நேர இறையியல் வகுப்பில் சேர்ந்து கிரேக்கம் படிக்க ஆரம்பித்தபோதுதான், மாற்றியது யார் என்ற கேள்வி எனக்கு வந்தது.

மத்தேயுவில் இருக்கும் சொல் லெப்ரோஸ். நோயின் பெயர் லெப்ரா. அது உரிதல் என்று பொருள்படும் லெபோ என்ற வினையிலிருந்து வருவது. லெபிஸ் என்றால் செதிள். தமஸ்குவில் சவுலின் கண்களிலிருந்து ‘மீன்செதிள்கள் போன்றவைகள் விழுந்தது’ என்று அப்போஸ்தலர் 9:18-இல் வாசிக்கிறோமே, அங்கே கிரேக்கத்தில் இருப்பது இந்த லெபிஸ்தான். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசுக்கும் கிரேக்கத்தில் லெப்தா என்றுதான் பெயர். உரித்ததுபோல் மெல்லிசான நாணயம் என்ற பொருள், அதே வேரிலிருந்து. ஆக, கிரேக்கம் பேசியவன் காதில் லெப்ரா என்று விழுந்தால் அவன் மனதில் வருவது தோல் செதில் செதிலாக உரியும் வியாதி. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் அது அரிப்பு, படை போன்றவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு தோல்நோய். நம் ஊரில் சொறி, படை, காளாஞ்சகப்படை என்கிறோமே, அந்த வகை.

அப்படியானால் என் அம்மாவுக்கு வந்த நோய்க்குக் கிரேக்கரிடம் பெயர் இல்லையா? இருந்தது. எலெபந்தியாசிஸ் என்றார்கள், யானைத்தோல் போலத் தடித்துப்போவதால். கப்பத்தோக்கியா நாட்டு மருத்துவர் அரெத்தேயு அதை நோயாளியின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போல வருணித்திருக்கிறார். கிரேக்க மருத்துவர் கேலனும் எழுதியிருக்கிறார். சுவிசேஷங்களில் அந்தச் சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. பிறகு எப்படி மாறிப்போனது? 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், இந்த நோய்க்கு அரபியில் இருந்த பெயருக்கு ஈடாக லெப்ரா என்று போட்டார்கள். எலெபந்தியாசிஸ் என்ற பெயர் யானைக்கால் வியாதிக்குப் போய்விட்டது. இரண்டு நோய்களின் பெயர்ப் பலகையும் இப்படி இடம் மாறின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்பு மேசையில் நடந்த ஒரு மாற்றத்தின் பலனைத்தான் என் அம்மா கோவிலில் உட்கார்ந்து அனுபவித்தாள்.

கிரேக்கத்துக்கும் பின்னால் எபிரெயம் இருக்கிறது. லேவியராகமத்தில் உள்ள சொல் சாராஅத். அலெக்சந்திரியாவில் எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்து, எழுபதின்மர் மொழிபெயர்ப்பைச் செய்த யூத அறிஞர்கள் அதற்கு லெப்ரா என்று போட்டார்கள். சுவிசேஷகர்களுக்கு அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. சாராஅத் என்பது எந்த ஒரு நோயின் பெயரும் அல்ல என்பதற்கு லேவியராகமம் 13, 14-ஐத் தவிர வேறு சாட்சி தேவையில்லை. அது துணியில் வருகிறது, தோல்பொருளில் வருகிறது, வீட்டுச் சுவரில் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கே அது உறுத்தியிருக்கிறது. வீட்டுச் சுவருக்கு வரும்போது ‘குஷ்டதோஷம்’ என்று போட்டிருக்கிறார்கள். சுவருக்கு ரோகம் வராது என்று தெரிந்தவர்கள்.

அந்த அதிகாரத்தை ஒரு நோயாளியின் மகளாக நான் வாசிக்கிறேன். யூதர்களின் குருவான ஆசாரியன் என்ன பார்க்கிறான்? நிறம், ரோமம் வெளுத்திருக்கிறதா, தோலைவிடப் பள்ளமாக இருக்கிறதா, பரவியிருக்கிறதா. ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடி பார்க்கிறான். உடம்பு முழுதும் வெளுத்துவிட்டால் சுத்தமானவன் என்று தீர்ப்புச் சொல்கிறான். தொழுநோயை அறிந்த எவரும் முதலில் கேட்பது உணர்ச்சி இருக்கிறதா என்பதைத்தான். ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில்கூட எழுதியிருக்கிறது. அம்மாவின் தேமலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்துத்தான் மருத்துவர் கண்டுபிடித்தார். லேவியராகமத்தின் அந்த நீண்ட அதிகாரத்தில் மரத்துப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொழுநோய் ஏழு நாளில் மாறுவதும் இல்லை, உறைந்த மழைபோல வெளுப்பதும் இல்லை.

இயேசுவின் காலத்து எருசலேமில் இந்த நோயே கிடையாது என்று நான் வாதாடவில்லை. அங்குள்ள அக்கெல்தமாவில் முதலாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த எலும்பில் தொழுநோய்க் கிருமியின் தடயத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். லெப்ரோஸ் என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ அது இருந்திருக்கலாம். ஆனால் பல தோல்நோய்களுக்குப் பொதுவான ஒரு தீட்டுப் பெயரை எடுத்து, ஒரே ஒரு நோயின் தலையில் நீங்கள் கட்டிவைத்திருக்கிறீர்கள். அந்த நோய் உள்ளவர்கள் இன்று நம்மோடு உயிரோடு இருக்கிறார்கள். உலகத்தில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான்.

முன்னோர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘குஷ்டம்’ என்பது வடமொழியிலும் நம் சித்த மருத்துவத்திலும் பதினெட்டு வகைத் தோல்நோய்களுக்குப் பொதுப்பெயர். அன்றைக்கு அந்தச் சொல்லை எடுத்தவர்கள் லெப்ராவுக்கு ஏறக்குறைய ஈடான சொல்லைத்தான் எடுத்தார்கள் என்றுகூடச் சொல்வேன். நாம் இன்று கையில் வைத்திருக்கும் பழைய திருப்புதல் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் குழுவினர் முடித்து 1871-இல் வெளிவந்தது. நார்வேயில் மருத்துவர் ஹான்சன் நுண்ணோக்கியில் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873-இல். அவர்கள் தெரிந்து செய்த பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த 150 ஆண்டுகளில் சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. இன்று தமிழில் குஷ்டம் என்றால் ஒரே நோய்தான், அதுவும் வசவாக. வெண்குஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை அந்தச் சொல்லின் காரணமாகவே வெண்புள்ளி என்று மாற்றிக்கொண்டோம். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு நியாயம் கிடைத்தது, நல்லது. எங்களுக்கு?

சிலர் ‘தொழுநோயாளி என்று போட்டுவிட்டால் போகிறது’ என்கிறார்கள். வேறு மொழிபெயர்ப்புகளில் அப்படி இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதில் எனக்கு இன்னும் பெரிய வருத்தம். குஷ்டம் என்ற சொல்லில் பழைய அகலமாவது ஒட்டிக்கொண்டிருந்தது. தொழுநோய் என்றால் ஹான்சன் கண்ட நோயைத் தவிர வேறு எதுவும் இல்லை. மரியாதையான சொல்லைப் போட்டு, தவறான அடையாளத்தை ஆணி அடித்து இறுக்கிவிட்டார்கள்.

இனி கோவிலில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சொல்லால் என்ன வந்துவிடப்போகிறது என்று உங்களில் யாராவது நினைக்கலாம். ‘பாவம் என்னும் குஷ்டரோகம்’ என்ற பிரசங்கத்தை நான் கேட்காத வருடம் இல்லை. வேதத்தில் பாவம் செய்து குஷ்டம் வந்ததாகச் சொல்லப்படும் கேயாசி, மிரியாம், உசியா என்று வரிசையாக எடுத்து, பாவம் முதலில் சின்னத் தேமலாக வரும், பிறகு உணர்ச்சி போகும், பிறகு விரல் விழும் என்று பிரசங்கியார் கையை விரித்துக் காட்டுவார். எந்த வேதத்தில் விரல் விழுந்தது? லேவியராகமத்தில் இல்லை, சுவிசேஷத்தில் இல்லை. அவர் பார்த்த பிச்சைக்காரரின் கையைக் கொண்டுபோய் வேதத்துக்குள் ஒட்டுகிறார். ஒட்டுவதற்கு இடம் கொடுத்தது நீங்கள் அச்சிட்ட சொல். அந்த நேரத்தில் அம்மா முந்தானைக்குள் வலது கையை இழுத்து வைத்துக்கொள்வாள். குணமாகி எத்தனையோ வருடம் ஆன பிறகும்.

திருவிருந்துக்கு அம்மா கடைசியாகத்தான் போவாள். யாரும் போகச் சொல்லவில்லை. எல்லோரும் பாத்திரத்தில் குடித்து முடித்து, திரும்பி வந்து முழங்காலில் நின்ற பிறகு எழுந்து போவாள். சிகிச்சை தொடங்கிய உடனேயே இந்த நோய் தொற்றாது என்று அவளுக்கும் தெரியும், போதகர் ஐயருக்கும் தெரியும். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படியே போனாள். ‘அவன் தனியே குடியிருக்கவேண்டும், அவன் குடியிருப்பு பாளயத்துக்குப் புறம்பே இருக்கக்கடவது’ என்று அவள் வாசித்த வேதம் அவளைப் பற்றியது என்று நம்பவைக்கப்பட்டாள். அது அவளைப் பற்றி எழுதப்படவில்லை என்பதைச் சொல்ல அடிப்பக்கத்தில் ஒரு வரி போதும். அதை நீங்கள் போடவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் ஒரு பையன். பத்தாம் வகுப்பு. முழங்கைக்குக் கீழே தேமல். அவனுடைய தாயார் என்னிடம் ரகசியமாகக் காட்டினார், எங்கள் வீட்டுக் கதை தெரியும் என்பதால். சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மாத்திரை இலவசம், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முடிந்துவிடும் என்று சொன்னேன். ‘அந்தப் பேரு வந்துட்டா தங்கச்சிக்கு யாரு மாப்பிள்ளை குடுப்பா’ என்று ஒரு வருடம் போகவில்லை. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். போனபோது இரண்டு விரல் மடங்கத் தொடங்கியிருந்தது. பயந்தது நோய்க்கு அல்ல, பேருக்கு. அந்தப் பேரை அவர் சிறு வயதிலிருந்து எங்கே கேட்டார்? எங்கள் ஞாயிறு பள்ளியில். நானும் அங்கே ஆசிரியையாக இருந்தவள். பாடப் புத்தகத்தில் இருந்ததை நானும்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நாட்டின் சட்டம் மாறிவிட்டது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் நீக்கினார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் இருந்தால் மணவிலக்கோ பிரிந்து வாழும் உரிமையோ கேட்கலாம் என்று ஐந்து சட்டங்களில் இருந்த பிரிவை 2019-இல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டமும் அந்த ஐந்தில் ஒன்று. ஆங்கிலத்தில் இந்த நோயாளிகளைக் குறிக்கும் பழைய ஒற்றைச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று ஹவானாவில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு 1948-லேயே தீர்மானித்தது. பிரேசில் 1995-இல் நோயின் அரசுப் பெயரையே ஹான்சன் நோய் என்று சட்டம் போட்டு மாற்றியது. ஆங்கில வேதாகமங்கள் சில, பயங்கரமான தோல்நோய் என்று போட்டோ, கிரேக்கச் சொல் பல தோல்நோய்களைக் குறிக்கும் என்று அடிக்குறிப்பு இட்டோ பல வருடம் ஆகிறது. தொட்டுக் குணமாக்கியவரின் சபை இவர்கள் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பழகிய சொல்லை மாற்றக்கூடாது என்பது உங்கள் வாதம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது கடவுளுக்கு அவர் போட்ட பெயர் சர்வேசுரன். அவருக்குப் பின் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் அதைப் பராபரன் என்று மாற்றினார். அடுத்து தேவன் என்று ஆனது. பிறகு வந்தவர்கள் கடவுள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் இடறலும் எதிர்ப்பும் இருந்தன, சபை அழிந்துபோகவில்லை. ஆண்டவருடைய பெயரையே இத்தனை முறை மாற்றித் தாங்கிக்கொண்ட தமிழ்ச் சபை, ஒரு வியாதியின் பெயரை மாற்றினால் தாங்காதா?

வெறும் தோல்நோய் என்று போட்டால் அற்புதம் சின்னதாகிவிடும் என்று ஒரு போதகர் என்னிடம் கவலைப்பட்டார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதற்குப் பதிலும் கிரேக்கத்திலேயே இருக்கிறது. அந்த மனிதன் ‘என்னைக் குணமாக்கும்’ என்று கேட்கவில்லை. ‘என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்’ என்கிறான். கிரேக்கத்தில் அது சுத்தமாக்குதல் என்று பொருள்படும் கதரிசோ என்ற வினை. சீஷர்களை அனுப்பும்போதும் ‘வியாதியுள்ளவர்களைச் சொஸ்தமாக்குங்கள், குஷ்டரோகிகளைச் சுத்தம்பண்ணுங்கள்’ என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டை அருமையாகக் காத்திருக்கிறது. இயேசு அவனை வைத்தியனிடம் அனுப்பவில்லை, ஆசாரியனிடம் அனுப்புகிறார். ஊருக்குள் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் ஆசாரியனுக்குத்தான் இருந்தது. அவர் கையை நீட்டித் தொட்டது, அவனைத் தொடக்கூடாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது. தீட்டு என்ற பொருளை மொழிபெயர்ப்பில் வைத்துக்கொண்டால் அற்புதம் ஒரு துளியும் குறையாது. குஷ்டரோகி என்று வாசிக்கும்போது நாம் நோயைப் பார்த்துவிட்டு, ஊர் அவனுக்குச் செய்ததைப் பார்க்காமல் போய்விடுகிறோம்.

ஆகவே நான் கேட்பது இவை.

அடுத்த அச்சிலேயே, அதாவது முழுத் திருத்தம் முடியும்வரை காத்திராமல், லேவியராகமம் 13:2, மத்தேயு 8:2, மாற்கு 1:40, லூக்கா 5:12, லூக்கா 17:12 ஆகிய ஐந்து இடங்களிலாவது ஒரு அடிக்குறிப்பு போடுங்கள். ‘இங்குள்ள எபிரெய, கிரேக்கச் சொற்கள் தீட்டாகக் கருதப்பட்ட பலவிதத் தோல்நோய்களைக் குறிப்பவை, இன்று தொழுநோய் எனப்படும் நோயை மட்டும் குறிப்பவை அல்ல’ என்ற அளவில் இருந்தால் போதும். தாலந்தின் எடைக்கு இடம் இருந்த பக்கத்தில் இதற்கும் இடம் இருக்கும்.

திருத்தப் பதிப்பில் சொல்லையே மாற்றுங்கள். ‘தீட்டென்று விலக்கப்பட்ட தோல்நோய்’ என்பது என் யோசனை. நீளமாக இருக்கிறது என்றால் முதல் இடத்தில் அப்படிப் போட்டு, தொடரும் வசனங்களில் தோல்நோய் என்று சுருக்கலாம். உங்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் சந்தோஷம். ஆனால் மனுஷனை நோயின் பெயரால் அழைக்காதீர்கள். இதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டாம். லூக்கா 17:12-இல் பழைய திருப்புதலே ‘குஷ்டரோகமுள்ள மனுஷர் பத்துப்பேர்’ என்கிறது. மனுஷர் என்ற அந்தச் சொல்லை எல்லா இடத்துக்கும் கொண்டுவாருங்கள்.

ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகங்களிலும் அதில் உள்ள படங்களிலும், விரலற்ற கையோடு ஒருவரை வரைந்து பாவத்துக்கு உவமை காட்டுவதை எடுத்துவிடச் சொல்லி, அவற்றை வெளியிடுவோருக்கு நீங்களே எழுத வேண்டும். நான் எழுதினால் உங்கள் மொழிபெயர்ப்பைத்தான் எனக்குத் திருப்பிக் காட்டுவார்கள். ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு தினம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆயர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இந்தச் சொல்லின் பொருளைச் சபைக்கு விளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் குழுவில் கிரேக்கம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், எபிரெயம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், தமிழ்ப் புலவர்கள் இருக்கிறார்கள். இந்த நோய் வந்து குணமானவர்கள் ஒருவரும் இல்லை. திருத்திய வசனங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன், அப்படிப்பட்ட சிலரை அழைத்து உட்காரவைத்து, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர்கள் கையை மறைக்கிறார்கள் என்று பாருங்கள். என் அம்மா வருவாள். இமை சரியாக மூடாததால் கருவிழி கெட்டு, மூன்று வருடமாக அவளுக்குப் பார்வை இல்லை. இப்போது நான்தான் இரவில் வாசிக்கிறேன். காது நன்றாகக் கேட்கிறது.